இறால் ரப்பராகாமல், அடியில் தண்ணீர் நிற்காமல் ஒரு கடலுணவு பாஸ்தா கேசரோல்

இறாலும் மீனும் போட்டு, வெள்ளை சாஸில் பாஸ்தாவைக் கலந்து ஓவனில் வைத்தீர்கள். இறால் ரப்பர் மாதிரி ஆனது, பாஸ்தா குழைந்தது, கரண்டி போட்டு எடுத்ததும் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. செய்முறையில் இருந்தபடியே 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்ததாகச் சொல்கிறீர்கள். எங்கே தவறு, முதல்நாளே செய்து வைக்க வழி உண்டா என்பது உங்கள் கேள்வி.

அந்த 40 நிமிடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. அந்த நேரக்கணக்கு பச்சை இறாலுக்கு உரியதே கிடையாது. அமெரிக்காவில் கேம்பெல் நிறுவனம் 1934-இல் காளான் கிரீம் சூப்பை டின்னில் விற்க ஆரம்பித்தது. டின் டூனா, வேகவைத்த நூடுல்ஸ், டின் சூப் மூன்றையும் கலந்து ஓவனில் வைக்கும் கேசரோல் அங்கே வீடுவீடாகப் பரவியதில் அந்தச் சூப்புக்குப் பெரிய பங்கு உண்டு. டின் டூனா டின்னுக்குள்ளேயே முழுக்க வெந்துவிட்ட மீன். அரைமணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஓவனில் இருந்தாலும் அதற்கு ஆவதற்கு ஒன்றுமில்லை. பச்சை இறால் அப்படியில்லை. உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போதே அது வெந்துவிடுகிறது. அதற்கு மேல் போகப்போகச் சதை இறுகி, தன்னிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியே விடுகிறது. உங்கள் பாத்திரத்தின் அடியில் நின்ற தண்ணீரில் பெரும்பகுதி அந்த இறாலுக்குள் இருந்திருக்க வேண்டிய சாறு. ரப்பர் இறாலும் அடித்தண்ணீரும் தனித்தனிக் குறைகள் இல்லை, ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

அதனால் நான் செய்யும் முறை இப்படி. ஓவனுக்குள் போகும்போதே சாஸ் கொதிநிலையில் இருக்க வேண்டும், பாஸ்தா வடித்த சூட்டோடு இருக்க வேண்டும், கடலுணவு முக்கால்வாசி பச்சையாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். ஓவனின் வெப்பம் அதிகம், நேரம் குறைவு: 220 டிகிரி, 15 முதல் 18 நிமிடம். அவ்வளவு நேரத்தில் கடலுணவு வெந்து முடியும், சாஸ் பாஸ்தாவோடு பிடித்துக்கொள்ளும், மேல்பக்கம் முறுகும். கலவை குளிர்ந்துபோய் ஓவனுக்குள் போனால் நடுப்பகுதி சூடாவதற்கே 30 நிமிடம் பிடிக்கும், அதற்குள் ஓரத்தில் இருக்கும் இறால் கெட்டுவிடும்.

ஆறு பேருக்கு, 23-க்கு 33 சென்டிமீட்டர் அளவுள்ள, சுமார் மூன்று லிட்டர் கொள்ளும் பாத்திரத்துக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த பாஸ்தா 300 கிராம். ஓடு நீக்கிய இறால் 400 கிராம் (ஓட்டோடு வாங்கினால் 600 கிராம் அளவுக்கு). சதை உறுதியான மீன் 250 கிராம். சாஸுக்கு வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம், பால் 700 மில்லி, இறால் ஓட்டுச் சாறு 400 மில்லி. துருவிய சீஸ் 100 கிராம். மேலே தூவ ரொட்டித்தூள் 60 கிராம், வெண்ணெய் 30 கிராம், பார்மசான் 20 கிராம். இவற்றோடு ஒரு வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, ஒரு எலுமிச்சை, பார்ஸ்லி, மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய்.

இறால் வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும் அல்லது பாதி கெட்டுவிடும். பாக்கெட்டில் 21/25, 31/40 என்று எண்கள் இருக்கும். ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, எத்தனை இறால் என்பதே அந்தக் கணக்கு. எண் சிறிதானால் இறால் பெரிது. ஓவனில் வைக்க 21/25 அல்லது அதைவிடப் பெரியதாக வாங்குங்கள். சிறிய இறால் வேகத் தேவைப்படும் நேரம் மிகக் குறைவு. நீங்கள் என்ன ஜாக்கிரதையாக இருந்தாலும் அது முந்திக்கொண்டு வெந்துவிடும். அப்புறம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். இறாலும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று இருந்தால், இறால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகச் சேர்த்தது அது. சூடு பட்டதும் அந்தத் தண்ணீர் உங்கள் சாஸுக்குள்தான் இறங்கும். ஸ்காலப் (ஒரு வகைக் கடல் சிப்பியின் சதை) வாங்கினாலும் இதே கவனம் வேண்டும். இப்படி ஊறவைக்காமல் விற்பதை உலர் ஸ்காலப் என்று தனியாகவே குறிப்பிட்டு விற்கிறார்கள். ஏற்கெனவே வேகவைத்து இளஞ்சிவப்பாக விற்கும் இறாலை மட்டும் தயவுசெய்து இதற்கு வாங்க வேண்டாம். அது ஒருமுறை வெந்து முடிந்தது. ஓவனில் வைத்தால் இரண்டாம் முறை வேகும், வேறு வழியே இல்லை.

உறைந்த இறாலை முதல்நாள் இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றி, வடிதட்டில் போட்டு, கீழே ஒரு பாத்திரம் வைத்துவிடுங்கள். காலையில் அந்தப் பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் கேசரோலில் தேங்கியது எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். அவசரமென்றால் இறாலைப் பைக்குள் கட்டி குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டால் போதும். வெந்நீர் வேண்டாம், வெளிப்புறம் வேக ஆரம்பித்துவிடும். உருகியதும் ஓடு உரித்து, முதுகு நரம்பை எடுத்து, அரை டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் பிசறி 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சோடா சதையின் காரத்தன்மையைக் கொஞ்சம் கூட்டுகிறது. அதனால் வெந்தபின் இறால் இறுகிப்போகாமல், கடித்தால் நறுக்கென்று இருக்கும். அளவு கூடினால் சோப்பு வாடை வரும், எனவே கால் டீஸ்பூனைத் தாண்டாதீர்கள். பிறகு காகிதத் துண்டில் ஒற்றி எடுங்கள். ஒற்றுவது என்றால் பேருக்குத் தொடுவதில்லை, காகிதம் ஈரமாவது நிற்கும்வரை.

மீனில் சதை உறுதியாக, வெந்தபின் பெரிய இதழ்களாகப் பிரியும் வகை வேண்டும். காட், ஹாலிபட், சால்மன் எல்லாம் சரி. மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, உப்பு தூவி 15 நிமிடம் வைத்து, அதையும் ஒற்றி எடுத்துவிடுங்கள். சின்னதாக வெட்டினால் கலக்கும்போதே உதிர்ந்து சாஸில் காணாமல் போய்விடும். நண்டுச் சதை போடலாம், மிக நன்றாகச் சேரும். ஆனால் அது வெந்த பொருள், கடைசியில் மேலாகக் கலந்தால் போதும். விரலால் ஒருமுறை துழாவி ஓட்டுத் துணுக்கு இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நண்டுக் குச்சி என்று விற்கும் சுரிமி உண்மையில் அரைத்த வெள்ளை மீனில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்துச் செய்தது. அது சாஸை இனிப்பாக்கிவிடும் என்பதால் நான் தவிர்ப்பேன். கருப்புச் சிப்பி என்றால் தனியாக மூடிபோட்டு ஆவியில் திறக்கவைத்து, சதையை மட்டும் எடுத்து, வடிந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டிச் சாஸுக்குப் பயன்படுத்துங்கள். அந்த நீர் உப்பாக இருக்கும், கணக்கில் வையுங்கள்.

கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவாய் ஒன்று, ஓரிரு நிமிடத்தில் இறக்கினால் மென்மையாக இருக்கும். இல்லையென்றால் முக்கால் மணி நேரம் நிதானமாகக் கொதித்து, அதன் இணைப்புத் திசு கரைந்தபிறகு மென்மையாகும். நடுவில் உள்ள நேரமெல்லாம் கடினம்தான். கேசரோல் ஓவனில் இருக்கும் நேரம் சரியாக அந்த நடுப்பகுதியில் விழுகிறது. எனவே வெள்ளை சாஸ் கேசரோலில் கணவாய் வேண்டாம் என்பது என் முடிவான கருத்து.

இப்போது இந்த உணவின் சுவை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதற்கு வருவோம். ஓட்டில் இருக்கிறது. உரித்த இறால் ஓட்டையும் தலையையும் குப்பையில் போட்டுவிட்டு, வெறும் பாலில் சாஸ் செய்தால் அது இறால் மிதக்கும் பால் சாஸாக இருக்குமே தவிர கடலுணவுச் சாஸாக இருக்காது. எத்தனை இறால் கூடுதலாகப் போட்டாலும் அந்தக் குறை தீராது. ஒரு அகலமான பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் வெண்ணெயைச் சூடாக்கி ஓடுகளைப் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே நாலைந்து நிமிடம் வறுங்கள். சாம்பல் நிற ஓடு செந்நிறமாகும், கொஞ்ச நேரத்தில் வெண்ணெயும் ஆரஞ்சு நிறம் பிடிக்கும். பச்சை ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து நீலச்சாம்பலாகத் தெரிகிறது. சூடு பட்டதும் புரதம் விட்டுவிட, நிறம் வெளியே வருகிறது. அந்த நிறமி கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் முதலில் வெண்ணெயில் வறுக்கச் சொல்கிறேன். நேரே தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் வெளிறிய சாறுதான் கிடைக்கும். வறுத்த வாசனை எழுந்ததும் ஒரு பல் பூண்டு, நாலு மிளகு, 600 மில்லி தண்ணீர் சேர்த்து மெல்லிய கொதியில் 20 நிமிடம் விடுங்கள். கரண்டியால் ஓட்டை நன்றாக அழுத்தி வடிகட்டுங்கள். 400 மில்லிக்கு மேல் இருந்தால் சுண்டவையுங்கள். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒரு சுவை இறங்கும், 20 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஓடு நீக்கிய இறால்தான் கிடைத்தது என்றால், இரண்டு நெத்திலித் துண்டு எண்ணெயில் ஊறியதை வெண்ணெயில் கரைத்து, சாறுக்குப் பதில் பாலையே கூட்டிக்கொள்ளுங்கள். சமமாகாது, ஆனால் வெறும் பாலைவிட எவ்வளவோ மேல்.

சாஸுக்குப் போவோம். வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, பூண்டு சேர்த்து, மைதாவைத் தூவி இரண்டு நிமிடம் கிளறுங்கள். வெண்ணெயும் மைதாவும் சேர்ந்த இந்தக் கலவைக்கு ரூ என்று பெயர். மாவின் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு சூழ்ந்துகொள்வதால், பால் ஊற்றும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்லை. முதலில் ஓட்டுச் சாறை மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் வழவழப்பாகும்வரை விஸ்க்கால் அடித்துக் கலந்து, பிறகு பாலைச் சேருங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து எட்டு நிமிடமாவது வேகவிடுங்கள். கெட்டியாவது கொதி வந்தவுடனேயே நடந்துவிடும், அதைப் பார்த்து இறக்கிவிடுவார்கள். பச்சை மாவு வாசம் போக மீதி நேரம் வேண்டும்.

பதம் எது? கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும், விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும், ஆனால் கரண்டியைச் சாய்த்தால் தயங்காமல் வழிய வேண்டும். பாஸ்தாவோடு கலக்கும்போது சாஸ் அதிகமோ, தளர்வோ என்று தோன்றும். தோன்றட்டும். அரைவேக்காட்டில் வடித்த பாஸ்தா ஓவனில் இருக்கும்போது சாஸிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளியே எடுத்தபின் ஆறும்போது மாவுச்சத்து இன்னும் இறுகும். பாத்திரத்திலேயே சரியான கெட்டியாகத் தெரியும் சாஸ், மேசைக்கு வரும்போது களியாகிவிடும். இந்த இடத்தில் பயந்து மைதாவைக் கூட்டிவிட வேண்டாம். தண்ணீர் தேங்கியதற்கு மருந்து கெட்டிச் சாஸ் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் தேங்கிய தண்ணீர் சாஸினுடையது இல்லை என்பதால் கூடுதல் மைதா அதைத் தடுக்காது. களியும் இருக்கும், அதன் அடியில் தண்ணீரும் இருக்கும்.

சீஸ் சேர்க்கலாமா என்பது பெரிய வாதம். இத்தாலியில் கடலுணவு பாஸ்தாமேல் சீஸ் தூவக் கூடாது என்பது பலருக்கும் மாற்ற முடியாத மரபு. பழுத்த சீஸின் உப்பும் வாசனையும் மெல்லிய மீன் சுவையை மூடிவிடும் என்ற காரணத்தில் உண்மை இருக்கிறது. அதே சமயம் பிரெஞ்சு சமையலில் லாப்ஸ்டர் தெர்மிடோர் சீஸோடுதான் முறுகவைக்கப்படுகிறது, கிரேக்கர்கள் இறாலைத் தக்காளியில் வேகவைத்து ஃபெட்டாவை உதிர்த்துப் போடுகிறார்கள். வெறும் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் போட்ட பாஸ்தாவில் சீஸ் இடைஞ்சல். பால் சாஸோடு ஓவனில் வைக்கும் உணவில் அது அளவாக இருந்தால் பொருந்துகிறது. க்ரூயேர், ஃபான்டினா அல்லது காரம் குறைந்த இளம் செடார் மாதிரி எளிதில் உருகும் மிதமான சீஸ் 100 கிராம் போதும். அடுப்பை அணைத்து, சாஸின் கொதி அடங்கியபின் கலக்குங்கள். கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் சுருங்கி, எண்ணெய் பிரிந்து, மணல் மாதிரி நறநறக்கும். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள், அது சாஸின் வழவழப்பைக் கெடுக்கும். மேலே மொஸரெல்லாவைக் கம்பளம் மாதிரி பரப்பும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் ஈரம் விடும், மூடி போட்ட மாதிரி ஆவியையும் உள்ளே அடைத்துவிடும். ஆவி வெளியேற வழி இருந்தால்தான் நம் தண்ணீர்ப் பிரச்சினை தீரும்.

சீஸ் கலந்தபின் அரைத்த மிளகு, இரண்டு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், எலுமிச்சைத் தோலின் துருவல் சேருங்கள். எலுமிச்சைச் சாறு இப்போது வேண்டாம், பரிமாறும்போது பிழிந்துகொள்ளலாம். உப்பைக் கடைசியாகப் பாருங்கள். ஓட்டுச் சாறு, சீஸ், உப்பு பிசறிய இறால் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் உப்பு வந்துகொண்டே இருக்கும்.

பாஸ்தாவில் சங்கு வடிவம், பென்னே, ரிகடோனி மாதிரி குழியோ துளையோ உள்ளதாக எடுங்கள். லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, பாக்கெட்டில் உள்ள நேரத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். வடிதட்டைக் குலுக்கிக் குலுக்கி, குழிக்குள் நிற்கும் தண்ணீரையும் இறக்குங்கள். சங்கு பாஸ்தாவில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்பூன் மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் அலச வேண்டாம். சூடும் போய்விடும், சாஸ் ஒட்ட உதவும் மாவுப்பசையும் போய்விடும்.

பாஸ்தா கொதிக்கும்போதே இறாலை ஒரு பக்கம் மட்டும் சுட்டெடுங்கள். இரும்பு வாணலி நன்றாகக் காய வேண்டும், எண்ணெய் மெல்லப் புகைய ஆரம்பிக்க வேண்டும். இறாலை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, 45 விநாடி அசைக்காமல் விட்டு, அப்படியே தட்டுக்கு எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் பொன்னிறப் புள்ளிகளோடும், மறுபக்கம் சாம்பலாகவும் இருக்கும். அது சரிதான். மறுபக்கத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டினால் வாணலி ஆறி, இறால் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். இரண்டு மூன்று தவணையாகச் செய்யுங்கள். தட்டில் வடியும் சாறை வீணாக்க வேண்டாம். காய்ந்த வாணலியிலேயே ஊற்றினால் அரை நிமிடத்தில் சுண்டிப் பசையாகும், அதை வழித்துச் சாஸில் சேருங்கள். காளானோ கீரையோ சேர்க்க விரும்பினால் அவற்றையும் இதேபோல் முதலில் வாணலியில் வதக்கி, நீர் வற்றியபின்தான் சேர்க்க வேண்டும். பச்சையாகப் போட்ட காளான் ஒன்றே போதும், அடியில் குளம் கட்ட.

ஓவன் 220 டிகிரியில் முழுக்கச் சூடாகி இருக்க வேண்டும். விசிறி ஓடும் ஓவன் என்றால் 200. சாஸை மறுபடி கொதியின் விளிம்புக்குக் கொண்டுவந்து, பாஸ்தாவைக் கலந்து, மீனையும் இறாலையும் சேர்த்து, கீழிருந்து மேலாக இரண்டே புரட்டு. வெண்ணெய் தடவிய பேக்கிங் பாத்திரத்தில் ஊற்றிச் சமப்படுத்துங்கள். இறால் துண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அமுக்கிச் சாஸுக்குள் தள்ளுங்கள், இல்லையென்றால் அது மட்டும் காய்ந்துவிடும். கலவையின் உயரம் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் சீராகச் சூடேறும். ரொட்டித்தூளை உருக்கிய வெண்ணெய், ஒரு பல் நசுக்கிய பூண்டு, பார்மசான், நறுக்கிய பார்ஸ்லியோடு விரல்நுனியால் பிசறி மேலே தூவுங்கள். எல்லாத் துகளிலும் வெண்ணெய் பட வேண்டும். உலர்ந்த தூளை அப்படியே தூவி மேலே வெண்ணெய்க் கட்டிகளை வைத்தால் அங்கங்கே கருகி அங்கங்கே வெளுத்து நிற்கும்.

மூடாமல் வையுங்கள். 15 நிமிடத்தில் ஓரங்களில் குமிழ் வர ஆரம்பிக்கும். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் உள்ள மீன் துண்டில் குத்திப் பாருங்கள், 63 டிகிரியைத் தொட்டால் மீன் பாதுகாப்பாக வெந்துவிட்டது. இல்லையென்றால் ஒரு துண்டைப் பிரித்துப் பாருங்கள்: கண்ணாடித்தன்மை போய் இதழ் இதழாக வர வேண்டும். இறால் வளைந்து அரைவட்டமாக இருந்தால் சரி, இறுகிச் சுருண்டு முழுவட்டமானால் நேரம் கடந்துவிட்டது. மேல்பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் மேல்சூட்டை மட்டும் போட்டு ஓரிரு நிமிடம், ஓவனை விட்டு நகராமல் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். கொதிக்கும் சாஸ் திரவமாகத்தான் ஓடும், ஆறும்போது மாவுச்சத்து பிடித்துக்கொள்ளும். எடுத்த உடனே வெட்டிப் பரிமாறியதும் நீங்கள் சொன்ன தண்ணீருக்கு ஒரு சின்னக் காரணமாக இருந்திருக்கலாம்.

தக்காளிச் சாஸில் செய்யவும் வழி உண்டு. அப்போது தக்காளியை வாணலியில் நன்றாகச் சுண்டவைத்து, கரண்டி இழுத்த தடம் மூடாமல் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஓட்டுச் சாறை இங்கேயும் சேர்த்துச் சுண்டவைக்கலாம். வெள்ளை சாஸில் வேண்டாம் என்று சொன்ன கணவாய்க்கு இதுதான் இடம்: தக்காளியோடு முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டால் அது வெண்ணெயாக மென்மையாகும். மற்ற முறை எல்லாம் அதேதான்.

விருந்தினருக்குச் செய்வதாக இருந்தால் ஒவ்வாமையை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இறால், நண்டு ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் சூட்டில் அழிவதில்லை, எனவே நன்றாக வெந்துவிட்டால் பரவாயில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தச் சாஸில் ஓட்டுச் சாறும் இருக்கிறது. இறால் துண்டை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடச் சொல்வதும் ஆபத்து. அவருக்குத் தனிப் பாத்திரம், தனிப் பலகை, தனிக் கத்தியில் வேறு ஏதாவது செய்துகொடுங்கள்.

முதல்நாளே செய்து வைப்பது பற்றி. முழுதாக அடுக்கி ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பாஸ்தா இரவு முழுக்க சாஸை உறிஞ்சி ஊதிவிடும், குளிர்ந்த கலவையைச் சூடாக்க மறுபடி அந்த 40 நிமிடம் வந்து நிற்கும். இறாலைப் பாதி சுட்டு எடுத்து வைப்பதும் கூடாது, அரைவேக்காட்டுக் கடலுணவைச் சேமிப்பது கிருமி வளர வழிவிடும். ஓட்டுச் சாறு, சாஸ், பிசறிய ரொட்டித்தூள் மூன்றையும் முதல்நாள் முடித்துவிடலாம். சாஸின் மேல் ஏடு படியாமலிருக்க வெண்ணெய்த் தாளைச் சாஸைத் தொடும்படி ஒட்டி மூடுங்கள். சீஸ் மட்டும் மறுநாள். அன்றைக்குச் சாஸைச் சூடாக்கும்போது இறுகியிருக்கும், நாலைந்து ஸ்பூன் பால் விட்டு அடித்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும். மீதி வேலை ஓவன் சூடேறும் நேரத்தில் முடிந்துவிடும். ஓட்டுச் சாறை உறையவைத்தும் வைத்துக்கொள்ளலாம், சேர்ந்த ஓடுகளை வீணாக்காமல் இருக்க அது நல்ல வழி.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் மீந்திருந்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைக்க வேண்டாம், விரிசல் விட்டுவிடும். வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். மேலே இரண்டு ஸ்பூன் பால் தெளித்து, ஃபாயிலால் மூடி, 160 டிகிரியில் நடுப்பகுதி 74 டிகிரி வரும்வரை வையுங்கள். இறால் முதல்நாள் அளவுக்கு மென்மையாக இருக்காது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ரொட்டித்தூளும் ஈரம் வாங்கி நமத்திருக்கும். ஒரு கைப்பிடி புதிய தூளை வெண்ணெயில் தனியாக வறுத்து, சாப்பிடும்போது தட்டில் தூவிக்கொள்ளுங்கள்.